14 சென்டிமீட்டரில் ஒரு மாடல் டி

பழைய கால கார் ஒன்றின் கிட்டை, அதாவது பிளாஸ்டிக் பாகங்களாக வந்து நாமே ஒட்டிப் பெயிண்ட் அடிக்கும் சின்ன மாடலை, வாங்கியதும் பலரும் இன்றைய கார் மாடலைக் கட்டுவது போலவே தொடங்கிவிடுகிறார்கள். பாடியை ஒட்டுவது, பெயிண்ட் அடிப்பது, மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, அப்புறம் பாலிஷ். இன்றைய காருக்கு அது போதும். வெளியே தெரிவது ஒரே பெயிண்டும் கொஞ்சம் கண்ணாடியும்தான். 1911-ம் வருஷத்து ஃபோர்டு மாடல் டியை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. இரும்பு சேஸிஸ், மரச்சட்டத்தின் மேல் கட்டிய பாடி, பித்தளை ரேடியேட்டர், பித்தளை விளக்குகள், மரச் சக்கரம், தோல் சீட், துணிக் கூரை, வெளிறிய ரப்பர் டயர் என்று ஏழெட்டுப் பொருள்கள் மறைவில்லாமல் வெளியே நிற்கின்றன. அத்தனைக்கும் மேல் ஒரே கிளியர் கோட்டை அடித்துவிட்டால் என்ன விலை கொடுத்து வாங்கிய கிட்டும் திருவிழாக் கடைப் பொம்மையாகத்தான் தெரியும். இரும்பு இரும்பாக, பித்தளை பித்தளையாக, தோல் தோலாக, அதனதன் பளபளப்போடு தெரிந்தால் சுமாரான கிட்கூட அசல் வண்டியாக நிற்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்களைக் கட்டுவதில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இதுதான். கீழே நான் சொல்வதெல்லாம் இதை ஒட்டியதே.

நான் கட்டியது 1/24 அளவு, அதாவது அசலில் 24-ல் ஒரு பங்கு. அசல் வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 100 அங்குலம். மாடலில் அது சுமார் 106 மில்லிமீட்டர். வண்டி முழுசும் 14 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். இந்த 24 என்கிற எண்ணை வேலை முடியும்வரை மறக்கவே கூடாது. பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் தடித்துவிட்டால், அசல் காரில் 2.4 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசியதற்குச் சமம். ஈர பெயிண்டில் வந்து உட்காரும் 0.2 மில்லிமீட்டர் தூசி, அசல் பானெட்டில் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் கல். மாடலைப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடமாட்டார்கள். ஆனால் ஏதோ சரியில்லை என்று அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

1911-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மதுரைதான். 1910-களின் தொடக்கத்தில்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார் இங்கே பஸ் ஓட்டும் தொழிலைத் தொடங்கினார். மோட்டார் என்ற ஒன்றை மதுரைக்காரர்கள் முதன்முதலாகக் கிட்டே பார்த்த காலம் அது. அந்தக் காலத்து மோட்டார் எப்படி இருந்திருக்கும் என்று கையில் எடுத்துப் பார்க்க ஆசை. மாடல் டி என்றாலே கறுப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. 1914-லிருந்து 1925 வரைதான் கறுப்பு மட்டும். 1908 அக்டோபரில் வெளிவந்த முதல் வண்டிகளில் சிவப்பும் சாம்பலும் பச்சையும் உண்டு. 1911 வாக்கில் பாடி கருநீலம், மட்கார்டு கறுப்பு. நிழலில் கறுப்பாகத் தெரிந்து வெயில் பட்டதும் நீலம் காட்டுகிற நிறம் அது. ஸ்டீயரிங் இடப்பக்கம் இருப்பதை அப்படியே விட்டுவிட்டேன். இது அமெரிக்க வண்டியின் கிட். வலப்பக்கம் மாற்றினால் பெடல், கைப்பிரேக் எல்லாவற்றையும் கூடவே மாற்ற வேண்டும்.

முதல் வேலை, பெட்டியில் வரும் விளக்கத்தாளை எடுத்து உங்கள் வசதிக்கு மாற்றி எழுதுவது. அந்தத் தாள் ஒட்டுகிற வரிசையைச் சொல்லும். நமக்கு வேண்டியது பெயிண்ட் வரிசை. ஒரு நோட்டில் பொருள்வாரியாகத் தலைப்புப் போட்டு, பித்தளைக்குக் கீழே இந்தந்த எண்கள், மரத்துக்குக் கீழே இந்தந்த எண்கள் என்று பிரித்து எழுதிவிடுங்கள். ஒரே நிறமும் ஒரே பளபளப்பும் உள்ள பாகங்களை ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம். நிறம் மாறுகிற இடத்தில் தனித்தனியாக அடித்துவிட்டு ஒட்ட வேண்டும். இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவில் நிற்கும் மரத்தடுப்பை வைத்தே இது புரியும். 1911 வண்டியில் அது மரப்பலகை. அதன்மேல் பிளக்குகளுக்கு மின்பொறி கொடுக்கும் காயில் பெட்டி, அதுவும் மரம். தாளில் போட்டிருக்கிறபடி அதை முதலிலேயே பாடியோடு ஒட்டிவிட்டால், நீலத்துக்கு நடுவே மரநிறத்தைப் பிரஷ்ஷால் இழுக்க வேண்டிவரும். ஓரம் நேராக வராது. தனியாக வைத்து, வெளிர் பழுப்பு அடித்து, காய்ந்தபின் கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை மெல்லத் தடவி, காய்ந்த பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுத்தால் மரவரி தானாகவே விழும். கடைசியில் சேர்த்தால் ஓரம் கத்தி வைத்து வெட்டியதுபோல நிற்கும்.

பாகங்களை, அவை ஒட்டிக்கொண்டு வரும் ஸ்ப்ரூ என்கிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும் முன்னால் பாத்திரம் கழுவும் சோப்பு போட்ட தண்ணீரில் அலசிக் காயவைப்பது நல்லது. அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. வெட்டும்போது நிப்பரை (வெட்டுக் குறடு) பாகத்தை ஒட்டி வைக்காமல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தை அரத்தாலும் உப்புத்தாளாலும் எடுக்கவேண்டும். ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் கிழிந்து வெள்ளைத் தழும்பு விழுந்துவிடும். இதெல்லாம் எந்தக் கிட்டுக்கும் பொது, அதனால் நீட்டவில்லை.

சக்கரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மாடல் டியின் சக்கரம் மரத்தால் ஆனது, ஒன்றுக்கு 12 ஆரக்கால். மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கம் மாட்டு வண்டிச் சக்கரம் செய்த ஆசாரிகளின் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டுத் திண்ணையோரம் சாத்தியிருந்த பழைய சக்கரத்தை உட்கார்ந்து பார்த்ததில்தான் மாடலின் சக்கரத்தை எப்படிச் செதுக்குவது என்று எனக்குப் பிடிபட்டது. ஆரக்கால் நடுவில் இருக்கும் குடத்துப் பக்கம் ஒரு வடிவம், வெளிவளையமான வட்டைப் பக்கம் வேறு வடிவம். நடுவில் விளிம்புகளை இழைத்து உருட்டி வைத்திருப்பார்கள். ஃபோர்டு சக்கரத்தில் மரக் குடம் கிடையாது. ஆரக்கால்களின் அடி நடுவில் ஆப்புபோல ஒன்றோடொன்று நெருங்கி அடைந்து, இரும்புத் தட்டுகளுக்கு இடையே போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். விளிம்பை உருட்டிய அந்தக் கை வேலை இரண்டிலும் ஒன்றுதான். கிட்டில் வரும் ஆரக்காலின் இரு பக்கமும் அச்சுக்கோடு இருக்கும். 4 சக்கரம், 48 ஆரக்கால், 96 கோடுகள். அத்தனையையும் கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்கவேண்டும். அரம் வைத்தால் தட்டையாகிவிடும். பழைய கார் மாடலில் பார்ப்பவர் கண் முதலில் போவது சக்கரத்துக்குத்தான், அதனால் இந்த வேலையை நாளுக்கு ஒரு சக்கரம் என்று வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்யலாம். கண்ணுக்கும் நல்லது.

பாடியின் இணைப்புக் கோடுகளுக்குப் பட்டி பார்ப்பதில் நம் ஊர்ப் பட்டறைகளைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பழங்காநத்தம் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில் வேலை பார்க்கும் பெயிண்டர் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். பட்டியை ஒரே தடவையில் அப்பாமல் மெல்ல மெல்ல இழுப்பது, வாட்டர் பேப்பரை விரலில் சுற்றாமல் ஒரு சின்னக் கட்டையில் சுற்றித் தேய்ப்பது, தேய்த்த இடத்தைச் சாய்வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது எல்லாம் அவரிடம் பார்த்ததுதான். அவர் சொன்னதில் ஒன்றை நான் எல்லாருக்கும் சொல்வேன்: “தம்பி, காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாக்காதீங்க. மோந்து பாருங்க. தின்னர் வாடை வந்தா அடியில இன்னும் ஈரம் இருக்கு.” மாடலுக்கும் இது அப்படியே பொருந்தும். மூக்குக்கிட்டே கொண்டுபோய் வாடை துளியும் இல்லையென்றால்தான் அடுத்த கோட்.

அவர் பட்டறையில் அடிக்கும் பெயிண்டை அப்படியே பிளாஸ்டிக்கில் அடிக்க முடியாது. கார் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் கடுமையானது, கிட்டின் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். இதைச் சோதித்துப் பார்க்கப் பழைய சி.டி. பெட்டியின் மூடி அருமையான பொருள். அதுவும் கிட் செய்யும் பாலிஸ்டைரீன் வகைதான். மூடியில் பாதிக்குப் பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்து, பாதியை வெறுமனே விட்டு, இரண்டின் மேலும் என்.சி. பெயிண்டை ஈரமாக அடித்துப் பாருங்கள். வெறும் பக்கம் முழுக்க மெல்லிய விரிசல் கோடுகள் ஓடும். பிரைமர் பக்கம் பெயிண்ட் மெல்லியதாக இருந்தால் தாங்கும், கனமாக விழுந்தால் அங்கேயும் கோடுதான். பாடிக்கு நான் மாடல் செய்கிறவர்களுக்கென்று விற்கும் அக்ரிலிக் லாக்கரையே வைத்துக்கொண்டேன். எந்தப் புதுப் பெயிண்ட், எந்தப் புதுத் தின்னர் வந்தாலும் முதலில் சி.டி. மூடிக்குத்தான் போகும். காய்ந்த மூடிகளைப் பின்னால் தேதியும் கலவையும் எழுதி அடுக்கி வைத்திருக்கிறேன். வேறு எந்தப் புத்தகத்தையும்விட அவை எனக்கு உதவுகின்றன.

அடுத்தது மதுரை வெயில். ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவிக்கு, வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் கணக்கெல்லாம் 20, 25 டிகிரி அறைக்கானது. சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தொடும்போது அந்தக் கணக்கு பலிக்காது. தின்னர் காற்றிலேயே பறந்துவிட, பெயிண்ட் பாதி காய்ந்த பொடியாகப் போய் விழுகிறது. தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். இதற்கு மூன்று மாற்றங்கள் செய்யவேண்டும். தின்னரைக் கொஞ்சம் கூட்டி, அதில் மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டரைச் சில சொட்டு சேர்ப்பது. ஏர்பிரஷ்ஷைக் கிட்டே கொண்டுவருவது, நான் 8 சென்டிமீட்டர் வரை வருவேன். காற்றழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்துக்கொள்வது. எல்லாவற்றையும்விட உதவுவது நேரம். விடிந்து மொட்டை மாடி சூடேறும் முன்னால் அடித்து முடித்துவிட வேண்டும். ஆடியில் வேறு தொல்லை. அம்மியே பறக்கும் காற்றில் வைகை மணல் ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். அந்த மாதத்தில் நான் பளபளப்பு வேலையைத் தொடுவதில்லை. சேஸிஸ், இன்ஜின், கூரைத்துணி போன்ற மங்கல் வேலைகளை அப்போது வைத்துக்கொள்வேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எதிர்த்திசைச் சிக்கல். தின்னர் ஆவியாகும்போது பெயிண்டின் மேல்பரப்பு குளிரும். காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படிந்து, கருநீலத்தின்மேல் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை மூட்டம் வந்துவிடும். லாக்கரில் இது வந்தால் பதற வேண்டியதில்லை. ஈரம் குறைந்த நாளில் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிய தூவலாக மேலே அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கம்பிரசரின் நீர்வடிகட்டியை மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒரு சொட்டு உள்ளேயிருந்து தெறித்தாலும் பானெட்டில் குழி விழும்.

அடிக்கும் அறையைத் தயார் செய்வதில் எங்கள் வீட்டு முறை: ஃபேனை நிறுத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்து, கால் மணி நேரம் கதவைச் சாத்தி வைப்பது. பாகங்களை விளக்குமாற்று ஈர்க்குச்சியில் குத்தி அல்லது கிளிப்பில் பிடித்துத் தெர்மாகோலில் நட்டு வைப்பேன். அடித்த கையோடு மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துவிட வேண்டும். அப்புறம் முகமூடி. துணி முகமூடி தூசிக்குத்தான், தின்னர் ஆவியை அது தடுக்காது. கரிவடிகட்டி உள்ள முகமூடியை வாங்குங்கள். அடிக்கும்போது ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அடிப்பது இன்னும் உத்தமம்.

இனி நீலம். 1911-ல் காருக்கு ஸ்ப்ரே கிடையாது. குதிரை வண்டிகளுக்குச் செய்த மாதிரியே வண்ணமும் வார்னிஷும் கோட் கோட்டாகப் பூசி, தேய்த்து, மறுபடி பூசினார்கள். அந்தக் காலத்தில் நல்ல கார் ஒன்றின் பாடி காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். இதை மாற்றியது 1923-ல் டியூபான்ட் கொண்டுவந்த டூகோ என்ற என்.சி. லாக்கர், ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்கள்தான் அதை முதலில் போட்டுக்கொண்டன. நம் பெயிண்டர்கள் இன்றும் பீரோவுக்கும் கதவுக்கும் ‘டூகோ அடிக்கிறது’ என்று சொல்வது அதன் வழியில் வந்ததுதான். மாடல் கட்டுகிறவருக்கு இதில் என்ன சேதி என்றால், 1923-க்கு முந்தைய வண்டிக்கு வார்னிஷின் ஆழமான, கொஞ்சம் மென்மையான மினுப்பு வேண்டும். இன்றைய கிளியர் கோட்டின் கண்ணாடிப் பளபளப்பு அதற்குப் பொருந்தாது.

அதை நான் வரவழைப்பது இப்படி. சாம்பல் பிரைமர், காய்ந்ததும் 1000 நம்பர் வாட்டர் பேப்பர். கருநீலத்தில் கறுப்பை அதிகம் கலக்காதீர்கள். இவ்வளவு சின்ன மாடலில் கருநிறங்கள் அசலைவிட இன்னும் கறுப்பாகத் தெரியும், அதனால் கொஞ்சம் வெளிர்த்தே கலக்க வேண்டும். நான்கைந்து மெல்லிய கோட். முதல் இரண்டும் தூவலாக, அடியிலிருப்பது தெரியும்படி. கடைசிக் கோட் மட்டும் ஈரமாக. வாடை முழுசும் போகும்வரை விட்டுவிட வேண்டும். கோடையிலேயே ஒரு வாரத்துக்குக் குறையாமல் விடுவேன். பிறகு 2000, 3000 நம்பர் தாளில் சோப்புத் தண்ணீர் தொட்டு மெல்லத் தேய்த்து, பழைய பனியன் துணியை விரலில் சுற்றி பாலிஷிங் காம்பவுண்ட். ஓரங்களில் தேய்க்கவே கூடாது, பெயிண்ட் அங்கேதான் மெல்லியதாக நிற்கும். கிளியர் கோட் போடுவதில்லை. மட்கார்டு வேறு கதை. ஃபோர்டு அதற்குக் கருப்பு எனாமல் பூசிச் சூளையில் சுட்டது, அதனால் மட்கார்டின் பளபளப்பு பாடியைவிடக் கூர்மையாக இருக்கலாம். பாடிக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தெரியும் இந்தச் சின்ன வித்தியாசத்தைச் சாயங்கால வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்; இரண்டு வெவ்வேறு பொருள் என்பது அப்போதே புரியும்.

பித்தளைக்கு நான் செலவிட்ட நேரம் மற்ற எதற்கும் இல்லை. மெருகு உலோகத்தைப் பொறுத்தவரை ஒரு பொதுக்கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 1910-களின் நடுப்பகுதி வரை வந்த கார் என்றால் பெரும்பாலும் பித்தளை. 1920-களில் பெரும்பாலும் நிக்கல், அது கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. குரோம் பரவியது 1920-களின் கடைசியில்தான். கிட்டில் குரோம் பூசிய பாகங்கள் வந்தாலும் உங்கள் வண்டியின் வருஷத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடையில் ‘கோல்டு’ என்று கிடைக்கும் பெயிண்டுகள் பெரும்பாலும் நகைத் தங்கத்தின் நிறத்தில், செம்மை கலந்து இருக்கும். பித்தளையில் செம்போடு துத்தநாகம் சேர்கிறது. துத்தநாகம் கூடக்கூட மஞ்சள் வெளுத்துக்கொண்டே போகும். இதை நேரில் பார்க்க வெங்கலக்கடைத் தெருவுக்குப் போனேன். கையில் பல கலவைகளைப் பூசிய சி.டி. மூடி. வாசலில் வரிசையாகக் குடமும் குத்துவிளக்கும். கடைக்காரர் “என்ன சார் தேடுறீங்க?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளேயிருந்து மூன்று சொம்பை எடுத்து வைத்தார். ஒன்று அன்றைக்குப் பாலிஷ் போட்டது, ஒன்று சில மாதம் அலமாரியில் இருந்தது, ஒன்று மாற்றுக்கு வந்த பழையது. புதுசு எலுமிச்சைத் தோல் நிறத்துக்குக் கிட்டே, லேசாகப் பச்சை ஓடியது. அலமாரிச் சொம்பு தேன் நிறம். பழையதில் கழுத்து மடிப்புக்குள் கரும்பழுப்பு, கை படும் வயிற்றுப் பகுதியில் மட்டும் மஞ்சள். “ட்யூப்லைட்ல பாக்காதீங்க, வெளிய கொண்டாங்க” என்று அவரே சொம்பையும் மூடியையும் தெரு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பொருந்தியது போல இருந்த கலவை வெளியே வந்ததும் செம்மையாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த கலவைதான் சரியானது: தங்கம் 3 பங்கு, வெள்ளி 1 பங்கு, தெளிந்த பச்சை குச்சி நுனியளவு.

இந்தக் கலவைக்கு அடியில் பளபளப்பான கறுப்பு வேண்டும். அது வழவழவென்று காய்ந்திருந்தால்தான் உலோக வண்ணம் உலோகமாக ஒளிரும். கறுப்பில் ஒரு சொரசொரப்பு இருந்தால் பித்தளை மணல் பூசியதுபோல ஆகிவிடும். ஏர்பிரஷ்ஷில் மிக மெல்லியதாக, தூவித்தூவி அடிக்கவேண்டும். ரேடியேட்டரில் நடுச் சல்லடை கறுப்பு, சுற்றுச் சட்டம் பித்தளை. முதலில் முழுசும் பித்தளை அடித்து, காய்ந்தபின் சல்லடைக்குள் நீர்த்த கறுப்பை ஓடவிட்டால் மாஸ்கிங் டேப் தேவையே இல்லை. விளக்கு மடிப்புகளுக்குள்ளும் ஆணித் தலைகளைச் சுற்றியும் பழுப்பைத் துளி ஓடவிட்டேன், அந்தப் பழைய சொம்பின் கழுத்தில் பார்த்த மாதிரி. ஓட்டுநர் துணி எட்டுகிற இடம் மின்னும், எட்டாத இடம் கறுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே அழுக்கு வைப்பது என்ற குழப்பம் வராது. முன்கண்ணாடியைத் தாங்கும் நீளக் கம்பிகளுக்குக் கிட்டில் வந்ததை விட்டுவிட்டு, அதே தெருவில் வாங்கிய மெல்லிய பித்தளைக் கம்பியையே போட்டேன். பிளாஸ்டிக் கம்பி எவ்வளவு சுரண்டினாலும் நேராக நிற்காது.

இன்ஜின் சின்ன வேலைதான், ஆனால் ஒரு பக்க பானெட்டைத் திறந்து வைத்தால் எல்லாரும் குனிந்து பார்ப்பது இதைத்தான். 2.9 லிட்டர், நான்கு சிலிண்டர், 20 குதிரைத்திறன். வார்ப்பிரும்புக்குக் கருஞ்சாம்பல், கியர் பக்க மூடிக்கு அலுமினியம், புகைக்குழாய்க்குத் துருப்பழுப்பு. காயில் பெட்டியிலிருந்து நான்கு பிளக்குக்கும் நான்கு ஒயர் போகும். பழைய ஹெட்போன் ஒயரைப் பிரித்தால் சரியான கனத்தில் கிடைக்கும். பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, மேலிருந்து கீழே தானாக ஓடிவருவதுதான். அதனால்தான் செங்குத்தான ஏற்றத்தில் இந்த வண்டியை ரிவர்ஸில் ஏற்றினார்கள். டேங்க்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய்க்கு மின்ஒயருக்குள் இருக்கும் செம்புக் கம்பி ஒற்றை இழை போதும்.

சீட்டின் தோலுக்கு வெறும் கறுப்பு போதாது. கறுப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்து, பாதி மினுப்பு. உட்காரும் இடத்திலும் கைப்பிடி விளிம்பிலும் மட்டும் இன்னும் கொஞ்சம் மினுப்பைக் கூட்டலாம். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டு முகப்பில் நிறுத்தியிருந்த பழைய காரைப் பார்க்கக் கேட்டபோது அந்த வீட்டு ஆச்சி, “எங்க ஐயா வாங்குன வண்டிப்பா, உள்ள ஏறி உக்காந்தே பாரு” என்றார். அது 1930-களின் வண்டி, என் மாடலைவிட இரண்டு தலைமுறை புதுசு. ஆனாலும் தோல் எப்படி வயசாகும் என்பதை அங்கே பார்த்துக்கொண்டேன். தையல் குழிகளில் மங்கல், மேட்டில் மெருகு, ஓட்டுநர் பக்கம் மட்டும் நிறம் போய்க் காப்பிப்பொடி நிறம். மடக்குக் கூரைத் துணிக்குச் சுத்தமான மங்கல் கறுப்பு, மடிப்பு மேட்டில் சாம்பலைக் காய்ந்த பிரஷ்ஷால் லேசாக. டயரைக் கறுப்பாக அடித்துவிடாதீர்கள். ரப்பரில் கரித்தூள் கலக்கும் வழக்கம் பரவாத காலம் அது. வெள்ளை கலந்த சாம்பல்தான் சரி. கருநீல வண்டிக்கு அந்த வெளிறிய டயர் கொடுக்கும் அழகே தனி.

கண்ணாடிக்கு சூப்பர் க்ளூவைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது, அதன் ஆவி வெள்ளையாகப் படியும். ஃபெவிகாலைக் குச்சி நுனியில் தொட்டு ஓரத்தில் வைத்தால் காய்ந்ததும் தெளிந்துவிடும். சக்கரம் பூட்டும்போது ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, நான்கும் தரை தொடுகிறதா, முன்னிருந்து பார்த்தால் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பசை வையுங்கள். பசை இறுகும்வரை இரண்டு பக்கமும் தீப்பெட்டியை அண்டக் கொடுக்கலாம். பித்தளை விளக்குகள் கடைசி. அவற்றை வைத்த பிறகு வண்டியை எங்கே பிடிப்பது என்றே தெரியாது.

வண்டியை மேற்குச் சுவரோரம் வைக்காதீர்கள். மதுரையில் அந்தச் சுவர் ராத்திரி வரை சூடாக இருக்கும், மெல்லிய பாகங்கள் மெல்ல வளைந்துவிடும். அக்ரிலிக் மூடி செய்யக் கொடுக்கும்போது மூடிய கூரையின் உயரத்தோடு 2 சென்டிமீட்டர் கூட்டிச் சொல்லுங்கள். அடியில் இடைவெளி விடாமல் செய்யச் சொல்லுங்கள், சின்ன இடுக்கு இருந்தாலே பல்லி நுழையப் போதும். நீலத்திலும் பித்தளைக் கலவையிலும் கொஞ்சம் மிச்சம் வைத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, இறுக்கி மூடி, கலவை விகிதத்தை மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். துடைக்கும்போது எங்காவது உரசினால் அதே நிறத்தை மறுபடி கலந்து எடுப்பது லேசில்லை.